எண்பது சென்டிமீட்டர்

குயென்: கண்ணை மூடிக்கிட்டா நான் போயிருவேன்னு நினைப்பா? இமை துடிக்குது தம்பி. தோவான்!

தோவான்: தூங்குறேன் அக்கா.

குயென்: தூங்கு, தூங்கு. நான் இப்படிப் பக்கத்துல உக்காந்துக்கறேன்.

லுவா: உங்க செருப்புச் சத்தம் கேட்டாத்தான் குயென் அக்கா என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வருது. அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் உக்காந்து ஃபேன் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தாரு. பாருங்க, ஸ்க்ரூட்ரைவர் இன்னும் கையிலயே இருக்கு.

தோவான்: நீ யார் கட்சி லுவா?

லுவா: நான் எப்பவும் சந்துக் கட்சி. இந்தாங்க அக்கா, ஐஸ் டீ.

குயென்: நல்லா இரு. வெயிலா இது? சைகோனையே தூக்கி அடுப்புல வச்ச மாதிரி... தம்பி, எழுந்து உக்காரு. இந்த வாரம் மட்டும் அஞ்சாவது தடவை வர்றேன். எதிர் வீட்டுலேருந்து உன் வீட்டுக்கு வந்து வந்தே என் செருப்பு தேஞ்சுபோச்சு.

தோவான்: எதிர் வீடு நாலு எட்டுகூட இல்லையே அக்கா.

குயென்: நாலு எட்டா? ரெண்டே எட்டு! அதைத்தானே நானும் சொல்றேன். சந்துன்னா ரெண்டு எட்டாவா இருக்கணும்? உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு மோட்டார் சைக்கிள் எதிரெதிரா வந்தா, ஒண்ணு மரியாதையா பின்வாங்கிப் போகணும்.

லுவா: எங்க அக்கா மரியாதையாப் போறாங்க? நேத்து சாயங்காலம் ஒரு பார்சல்காரனும் கடைசி வீட்டு தாவோவும் மூக்குக்கு மூக்கு நின்னுக்கிட்டுக் கால் மணி நேரம் ஹாரன் அடிச்சாங்க. நான் ஆளுக்கு ஒரு கிளாஸ் பாயசம் வித்துட்டேன்.

தோவான்: பாத்தீங்களா? சந்து குறுகலா இருந்தா வியாபாரம் அமோகமா நடக்குது.

குயென்: பேச்சை மாத்தாத. இப்ப மணி நாலு. அஞ்சு மணிக்கு வார்டு ஆபீஸ்ல ஃபைலைக் குடுக்கணும். முப்பது வீடு கையெழுத்துப் போட்டாச்சு. முப்பத்தொண்ணாவது வீடு, இந்தா, ஸ்க்ரூட்ரைவரைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குது.

தோவான்: நாளைக்குக் காலையில போடறேன் அக்கா. மனசு கொஞ்சம்...

குயென்: நாளைக்குன்னா இந்தத் திட்டம் அடுத்த சந்துக்குப் போயிரும். இந்த வருஷம் வார்டுக்கு ஒரே ஒரு சந்தைத்தான் அகலப்படுத்துறாங்க. சாக்கடை, விளக்கு, தரை, மரம் எல்லாம் அவங்க செலவு. இடம் மட்டும் நம்ம விடணும், வீட்டுக்கு எண்பது சென்டிமீட்டர். அதுவும் ஒரு வீடு விடாம எல்லா வீடும். அடுத்த சந்துக்காரங்க முப்பத்தெட்டு கையெழுத்தையும் வாங்கிக் கயிறு கட்டி வச்சுட்டு, நம்ம எப்ப கவுருவோம்னு பார்த்துக்கிட்டிருக்காங்க.

லுவா: யாரு, அந்தக் காலங்காத்தால கரோக்கே பாடுற சந்தா?

குயென்: அவங்களேதான்.

லுவா: அவங்களுக்குப் போறதுக்குப் பதிலா என் சமையல்கட்டையே இடிச்சுக்குங்க! ஏங்க, போட்டுத் தொலைங்களேன்!

தோவான்: சும்மா இரு லுவா. சொல்றது சுலபம். வாசல்ல மண்சாமி உக்காந்திருக்காரே, அவரை எங்க கொண்டுபோய் வைக்கிறது? அப்பா காலத்துலேருந்து ஒரே இடத்துல...

குயென்: அதையும் நான் கேட்டுட்டேன். கோயில்ல சாமியார் சொல்லிட்டாரு. பௌர்ணமி அன்னைக்கு ஒரு பால் காபி, ரெண்டு சிகரெட், கொஞ்சம் வாழைப்பழம். அவரே தொப்பையைத் தூக்கிக்கிட்டு எண்பது சென்டிமீட்டர் நகர்ந்துப்பாரு.

தோவான்: சரி, மாடிப்படி? முன்சுவர் உள்ள வந்தா படி நேரா தெருவுல இறங்கும். நான் தூக்கக் கலக்கத்துல இறங்கினா நேரா எவனோட வண்டிப் பின்சீட்டுலயாவது போய் உக்காந்துருவேன்.

லுவா: போனாப் போகுது, ஊரைச் சுத்திட்டு வாங்க.

குயென்: தீன் கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து போன செவ்வாய்க்கிழமையே பார்த்தாச்சு. நீ அன்னைக்கும் தூங்கிக்கிட்டிருந்த. படியை இப்படி இடது பக்கம் திருப்பிருவாராம். கீழ ஃபேன் எல்லாம் அடுக்க ஒரு அலமாரிகூட வரும்.

தோவான்: பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆத்துத் தண்ணி ஏறுதே, அது?

குயென்: அதுக்குத்தானே புதுச் சாக்கடை! சந்தை அளக்க வந்த அந்தக் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைங்க அட்டையில செஞ்சு கொண்டுவந்து காட்டினாங்களே, நீ பார்க்கலையா? தரையில தண்ணியைக் குடிக்கிற கல்லு. அடியில பெரிய குழாய். ஆறு வீட்டுக்கு ஒரு மரம். மழை பெஞ்சு கால் மணி நேரத்துல தரை காஞ்சுரும்.

லுவா: நான் பார்த்தேன், நான் பார்த்தேன்! பல்குத்தியில விளக்குக் கம்பம் நட்டு, பஞ்சுல மரம் வச்சு... என்ன அழகு! நம்ம வீட்டு வாசல்ல ஒரு பெஞ்சுகூடப் போட்டிருந்தாங்க. விரல் நகம் அளவுக்கு ஒரு பெஞ்சு.

தோவான்: நானும் பார்த்தேன். என் வீட்டுக்கு மஞ்சக் கலர் அடிச்சிருக்காங்க. எனக்கு மஞ்சள் பிடிக்காது.

குயென்: சரி, நீலம் அடிக்கச் சொல்றேன். போடு கையெழுத்து.

தோவான்: நீலமும்...

லுவா: இவருக்கு எந்தக் கலரும் பிடிக்காது அக்கா. முப்பது வருஷமா நானும் பார்க்கறேன்.

குயென்: தம்பி, நான் விளையாட்டுக்கு வரல. மார்ச் மாசம் தாவோ வீட்டு அடுப்பங்கரை பத்திக்கிச்சே, மறந்துட்டியா?

லுவா: நான் மறப்பேனா? பதினஞ்சு லிட்டர் பாயசம் அக்கா! பச்சைப்பயறு, தேங்காய்ப்பால், அப்பத்தான் இறக்கி ஆறவச்சிருந்தேன்...

குயென்: தீயணைப்பு வண்டி சந்து வாசலோட நின்னுபோச்சு. பாவம், குழாயை இழுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. முக்கால் தூரத்துல குழாய் தீர்ந்துபோச்சு.

லுவா: அதுக்குள்ள நான் பானையோட தூக்கி ஊத்திட்டேன்ல!

தோவான்: அந்தத் தீயணைப்புக்காரர் வந்து நின்னு மோந்து பார்த்துட்டு, "என்னம்மா, தீ இவ்வளவு வாசனையா இருக்கு"ன்னாரே...

லுவா: சிரிங்க, நல்லாச் சிரிங்க. தாவோ வீட்ல ஒரு மாசம் எறும்பு.

குயென்: சிரிக்கலாம். பாயசம் இருந்துச்சு, அதனால சிரிக்கிறோம். மாடியில தாவோவோட கைக்குழந்தை தூங்கிக்கிட்டிருந்துச்சு, அது ஞாபகம் இருக்கா? அடுத்த தடவை லுவா பாயசம் வித்துத் தீர்ந்த நேரமா இருந்துச்சுன்னா?

தோவான்: நான் வேணாம்னா சொன்னேன்? சந்து அகலமாகட்டும். நல்ல காரியம்தான். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல அக்கா.

குயென்: அப்புறம் என்ன?

தோவான்: அது ஏன் எண்பது?

குயென்: என்னது?

தோவான்: எழுபது இல்ல, தொண்ணூறு இல்ல. எண்பது. யாரு சொன்னா எண்பதுன்னு?

குயென்: சந்தோட குறுகலான இடத்துல இப்ப ஒண்ணரை மீட்டர் இருக்கு. இந்தப் பக்கம் எண்பது, அந்தப் பக்கம் எண்பது. மூணு மீட்டர் பத்து. வண்டி தாராளமா வரும். இதுல என்ன சந்தேகம்?

தோவான்: சந்தேகம் ஒண்ணும் இல்ல... எங்கயாவது பழைய பேப்பர் கீப்பர் பார்த்துச் சொன்னாங்களோன்னு...

குயென்: ஏன் இருமுற?

தோவான்: டீ புரையேறிருச்சு.

லுவா: நீங்க இன்னும் கிளாஸையே தொடலையே!

குயென்: லுவா, நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்.

லுவா: ஏங்க, பாராட்டுப் பத்திரம் வேற தர்றாங்களாம். சிவப்புச் சட்டம் போட்டு, தங்க எழுத்துல.

குயென்: மேடை போட்டு. ஒலிபெருக்கியில பேரைச் சொல்லி. "தோவான் குடும்பத்தார் தங்கள் சொந்த நிலத்தை மனமுவந்து மக்களுக்கு ஈந்தார்கள்"னு.

தோவான்: மனமுவந்து...

லுவா: நான் புதுசா பூப்போட்ட உடுப்புக்கூடத் தைக்கக் குடுத்துட்டேன். போட்டோ எடுப்பாங்கல்ல?

தோவான்: அந்தப் பத்திரம் இல்லாமக் குடுக்க முடியாதா அக்கா? மேடை இல்லாம? ஒலிபெருக்கி இல்லாம? சத்தமில்லாம, யாருக்கும் தெரியாம?

லுவா: நல்லாருக்கே! ஒரு முழுச் சுவரை யாருக்கும் தெரியாம எப்படி நகர்த்துவாங்க?

தோவான்: நகர்த்தலாம்.

குயென்: என்ன சொன்ன?

தோவான்: ஒண்ணும் சொல்லலையே.

குயென்: ம்... சரி. கையெழுத்து அப்புறம் போடு. முதல்ல வீட்டுப் பத்திரத்தை எடு. அந்த ரோஸ் அட்டைப் புத்தகம். நம்பரை மட்டும் எழுதிக்கறேன்.

தோவான்: புத்தகமா? அது... எங்க வச்சேன்னு தெரியல. காணோம்.

குயென்: காணோமா! வீட்டுப் பத்திரத்தையா?

தோவான்: எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

லுவா: எலியாவது கிலியாவது. மாடியிலதான் எங்கயாவது இருக்கும். நான் போய்த் தேடி எடுத்துட்டு வர்றேன்.

தோவான்: வேணாம் லுவா, உனக்கு மூட்டு வலி...

லுவா: நேத்து என் மூட்டு வலி உங்களுக்குத் தெரியல, இன்னைக்குத் தெரியுதா? வர்றேன் அக்கா.

குயென்: போயிட்டு மெதுவா வா லுவா. அவசரம் இல்ல... ம். அவ மாடிக்குப் போயாச்சு. இப்பச் சொல்லு.

தோவான்: என்னத்தைச் சொல்ல?

குயென்: தம்பி, நான் இந்தச் சந்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தப்ப உனக்கு அரை டவுசர். உன் முகத்தைப் பார்த்தா ஜுரம் எத்தனை டிகிரின்னு சொல்லுவேன். மஞ்சக் கலரும் மண்சாமியும் இல்ல விஷயம். சொல்லு.

தோவான்: யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?

குயென்: என் வாய்லேருந்து ஒரு பேர் வெளிய போனதா இதுவரைக்கும் யாராவது சொல்லியிருக்காங்களா?

தோவான்: அந்த எண்பது சென்டிமீட்டர்... எங்களோடது இல்ல அக்கா.

குயென்: பின்ன யாரோடது?

தோவான்: சந்தோடது. தொண்ணூறாம் வருஷம். டெட் பண்டிகை, புது வருஷப் பிறப்பு. பாதிச் சந்து ஊருக்குப் போயிருச்சு. ஆபீஸ் எல்லாம் மூடியாச்சு. அப்பா ஒரு மண்வெட்டியை என் கையில குடுத்து, "தோவான், சிமெண்ட் குழை"ன்னாரு. மூணே நாள். பழைய சுவரை இடிச்சோம், புதுசை முன்னால தள்ளி எழுப்பினோம், சுண்ணாம்பு அடிச்சோம். சுண்ணாம்பு ஈரம் தெரியக் கூடாதுன்னு வாசல் முழுக்க மஞ்சப் பூத்தொட்டியா அடுக்கினாரு. ஊர்லேருந்து திரும்பி வந்தவங்க எல்லாரும், "அடேயப்பா, பண்டிகைக்கு வீடு ஜொலிக்குதே"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தர்கூட அளந்து பார்க்கல.

குயென்: அதனாலதான் உனக்கு மஞ்சள் பிடிக்காதா?

தோவான்: கிண்டல் பண்ணாதீங்க அக்கா.

குயென்: இல்ல, இல்ல. சொல்லு.

தோவான்: எட்டுப் பேர் இருந்தோம் இந்த வீட்ல. அண்ணன் பிள்ளைங்க படிக்கட்டுலதான் படுத்துக்கும். அந்த எண்பது சென்டிமீட்டர் வந்தப்புறம்தான் ஒரு கட்டில் போட முடிஞ்சுது. அதனால அப்பா மேல எனக்குக் கோபம்னு இல்ல. ஆனா... பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவரு போனப்ப, நீங்களும் இருந்தீங்க.

குயென்: இருந்தேன்.

தோவான்: சவப்பெட்டி எங்க திரும்பாமப் போச்சு? இங்க. இந்த வாசல்ல. முன்னால இழுத்துப் பார்த்தாங்க, பக்கவாட்டுல சாய்ச்சுப் பார்த்தாங்க. கடைசியில நிமித்திப் பிடிச்சுத்தான் வெளிய கொண்டுபோனாங்க. வாழ்க்கை முழுக்க உக்காந்தே ஃபேன் ரிப்பேர் பண்ணின மனுஷன், போறப்ப நின்னுக்கிட்டே போனாரு. தூக்கினவர்ல ஒருத்தர் சொன்னாரு, "இந்தச் சுவர் மட்டும் கொஞ்சம் பின்னால இருந்திருந்தா"ன்னு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் அழறேன்னு நினைச்சாங்க.

குயென்: அழலையா நீ?

தோவான்: அதுவும்தான் அக்கா. ரெண்டும்தான்.

குயென்: ம்...

தோவான்: திருப்பிக் குடுக்க எனக்குக் கசக்கல. இன்னைக்கே இடிச்சுத் தர்றேன். ஆனா அதைத் தானம்னு சொல்லி, மேடையேறி, கைதட்டல் வாங்கி, அந்தச் சிவப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து நான் எங்க மாட்டுவேன்? அப்பா படத்துக்குப் பக்கத்துலயா?

குயென்: லுவாவுக்குத் தெரியுமா?

தோவான்: ஐயையோ! அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது. சந்துல எவனாவது ஒரு பூத்தொட்டியை நாலு விரல் முன்னால வச்சாக்கூட, "பொது இடத்தைத் திருடுறியா"ன்னு தெருவே அதிரக் கத்துறவ அவ. இந்த வீட்டுச் சுவரே அப்படித்தான்னு தெரிஞ்சா, முதல்ல என்னை இடிச்சுட்டுத்தான் சுவரை இடிப்பா. புத்தகத்துல வீட்டு நீளம் பதினொண்ணு இருபதுன்னு இருக்கு. அளந்தா பன்னெண்டு மீட்டர். அதை அவ கண்ணுல காட்டக் கூடாதுன்னுதான் சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். போன மாசம் பார்த்தா அங்கயும் இல்ல. நிஜமாவே எலிதான்...

லுவா: முடிச்சாச்சா? படிக்கட்டுலயே நின்னு நின்னு எனக்குக் கால் மரத்துப்போச்சு.

தோவான்: லுவா! நீ... எவ்வளவு நேரமா...

லுவா: "சிமெண்ட் குழை"லேருந்து. இந்தாங்க அக்கா, புத்தகம்.

தோவான்: எங்க இருந்துச்சு?

லுவா: அரிசி டின்ல. அடியில. எலி வாயில இல்ல.

தோவான்: யாரு வச்சா?

லுவா: நான்தான். சாமி படத்துக்குப் பின்னால வச்சா கண்டுபிடிக்க மாட்டேனா? படத்தைத் துடைக்கிறது யாரு, நீங்களா?

தோவான்: அப்ப... உனக்கு...

லுவா: புத்தகம் கைக்கு வந்த அன்னைக்கே தெரியும். இருபது வருஷம் ஆச்சு. நீங்க ஃபேன் வாங்க வெளிய போயிருந்தப்ப, தையல் டேப்பை வச்சு முன்வாசல்லேருந்து பின்சுவர் வரைக்கும் தரையோட தரையா ஊர்ந்து அளந்தேன். ரெண்டு தடவை. மனசு கேக்காம மூணாவது தடவையும்.

தோவான்: இருபது வருஷமா தெரிஞ்சுக்கிட்டேவா எல்லார் பூத்தொட்டிக்கும் அந்தச் சண்டை போட்ட?

லுவா: பின்ன? நான் அடுத்தவங்க தொட்டியைக் காட்டிக் கத்துனாத்தானே எவனும் நம்ம சுவரைப் பார்க்க மாட்டான்!

தோவான்: அடிப்பாவி...

லுவா: அப்பா மாதிரியே பிள்ளையும் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்குறாரேன்னு எனக்கு எத்தனை நாள் தோணியிருக்கு தெரியுமா? நீங்க சொல்லாம நான் எப்படிச் சொல்றது? உங்க அப்பா விஷயம்... நீங்க வருத்தப்படுவீங்கன்னு...

தோவான்: நீ கோபப்படுவேன்னு நான்...

குயென்: போதும், போதும். ரெண்டு பேரும் அப்புறமா அழுங்க. மணி நாலரை ஆகப்போகுது.

லுவா: அக்கா, நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

குயென்: சிரிக்கலையே.

லுவா: தோள் குலுங்குது.

குயென்: தம்பி, இந்தத் தாளை ஒரு தடவையாவது படிச்சியா? இல்ல, பார்த்ததும் தூங்கிட்டியா?

தோவான்: படிக்கல. பயமா இருந்துச்சு.

குயென்: சத்தமாப் படி.

தோவான்: "சந்தை அகலப்படுத்துவதற்காக என் வீட்டின் முன்சுவரை எண்பது சென்டிமீட்டர் பின்னால் நகர்த்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்."

குயென்: சொந்த நிலம்னு இருக்கா?

தோவான்: இல்ல.

குயென்: தானம்னு இருக்கா? ஈகை, மனமுவந்து, எதாவது?

தோவான்: இல்லையே...

குயென்: வார்டுல முதல்ல குடுத்த தாள்ல எல்லாம் இருந்துச்சு. நான் மூணு தடவை போய் உக்காந்து, எங்க சந்துக்காரங்களுக்குப் பெரிய வார்த்தை எல்லாம் புரியாதுன்னு சொல்லி, ஒவ்வொண்ணா அடிச்சு எழுத வச்சேன்.

லுவா: எதுக்கு அக்கா?

தோவான்: அப்ப அந்த மேடை? ஒலிபெருக்கி?

குயென்: மேடை இருக்கும். ஏற ஆள் இருக்காது. முப்பது வீட்லயும் கேட்டுட்டேன். அன்னைக்கு யாருமே ஊர்ல இல்லையாம். தாவோவுக்கு மீத்தோ ஊர்ல சொந்தக்காரங்க கல்யாணம். தீன் கொத்தனாருக்குப் பல்வலி. மூணாவது வீட்டு ஆசிரியருக்கும் பல்வலி. பதினாலாவது வீட்டுக்கு ஒரே நாள்ல ரெண்டு திதி.

தோவான்: பல்வலி ஒரு மாசம் முன்னாடியே தெரியுமா?

குயென்: நானும் அதைத்தான் கேட்டேன்.

லுவா: இருங்க, இருங்க... அக்கா, நீங்க என்ன சொல்ல வர்றீங்க?

குயென்: நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை மட்டும் சொல்றேன். ஒவ்வொரு வீட்லயும் முதல்ல தூங்குறாங்க. அப்புறம் மண்சாமி, அப்புறம் மாடிப்படி. அப்புறம் பொண்டாட்டியை மாடிக்கு அனுப்புறாங்க. சில வீட்ல புருஷனை. அப்புறம், "குயென் அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க." ஒருத்தர் சுவரைத் தள்ளினது தொண்ணூத்தி மூணாம் வருஷம். ஒருத்தருக்கு தொண்ணூத்தி அஞ்சு. ஒரு வீட்ல தொண்ணூத்தி எட்டு. ஆனா எல்லாம் டெட் பண்டிகைதான்.

தோவான்: எல்லா வீடுமா!

குயென்: அந்தக் கட்டடக்கலைப் பிள்ளைங்க பழைய வரைபடத்தைத் தேடி எடுத்துட்டு வந்து என்கிட்டக் காட்டினாங்க. நம்ம சந்து மூணரை மீட்டர் தம்பி! அந்தச் சின்னப் பொண்ணு கேட்டுச்சு, "பெரியம்மா, முப்பத்தொரு வீட்டுக்கும் அளவு தப்பா வருதே, எங்க டேப்புல கோளாறா?"ன்னு. ஆமாம்மா, டேப்பு வெயில்ல சுருங்கிருச்சுன்னேன்.

லுவா: அது நம்புச்சா?

குயென்: ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்துச்சு. அப்புறம், "சரி பெரியம்மா, பழைய வரைபடம் வேணாம், புதுசா ஒண்ணு வரையறோம்"னு எழுந்து போச்சு. நல்ல பிள்ளைங்க. எல்லாருமா எண்பது எண்பது விட்டாக்கூட, பழைய அகலத்துக்கு இன்னும் நாப்பது சென்டிமீட்டர் குறையும். அதை எவன் தின்னான்னு இனிமே யாரும் தேட வேணாம்.

தோவான்: பதினோரு வருஷமா நான் ஒருத்தன்தான்னு நினைச்சு... அடுத்தவங்க முகத்தை நிமிர்ந்து பார்க்காம...

குயென்: அவங்களும் அப்படித்தான். அதனாலதான் சந்துல எல்லாரும் தரையைப் பார்த்துக்கிட்டே நடக்குறாங்க. நான் இத்தனை வருஷமா குழிக்குப் பயந்துன்னு நினைச்சேன்.

லுவா: போடுங்க கையெழுத்து! கரோக்கேக்காரங்க கிளம்பிரப் போறாங்க.

தோவான்: குடு பேனாவை... இங்கயா?

குயென்: அங்கதான். பேரும் எழுது. லுவா, நீயும் போடு. அளந்தவளாச்சே.

லுவா: இந்தாங்க. அக்கா, இந்தப் பூப்போட்ட உடுப்பை நான் என்ன பண்றது?

குயென்: தீயணைப்பு வண்டி முதல் தடவை ஒத்திகைக்கு உள்ள வரும்ல, அன்னைக்குப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லு. சரி, நான் ஓடணும்.

தோவான்: அக்கா, ஒரு நிமிஷம். எல்லாரும் பண்ணினாங்க, சரி. ஆனா எவனோ ஒருத்தன் முதல்ல ஆரம்பிச்சிருப்பான்ல? ஒருத்தன் சுவரைத் தள்ளப் போய்த்தானே அடுத்தவனுக்குத் தைரியம் வந்திருக்கும். தொண்ணூறுக்கு முன்னாடி வேற யாராவது...

குயென்: நேரமாச்சு தம்பி.

தோவான்: பேர் வேணாம். அந்த ஆளும் கையெழுத்துப் போட்டாச்சான்னு மட்டும் சொல்லுங்க.

குயென்: போட்டாச்சு. முதல் கையெழுத்தே அந்த வீடுதான்.

லுவா: முதல் கையெழுத்தா? இருங்க, தாளைக் காட்டுங்க... அக்கா, இது உங்க பேரு.

தோவான்: குயென் அக்கா?

குயென்: எண்பத்தொம்பதாம் வருஷம் டெட்டுக்கு நீ ராணுவத்துல இருந்த. எங்க வீட்டுக்காரரும் நானுமா மூணு நாள்ல சுவரைத் தள்ளினோம். பண்டிகை முடிஞ்சதும் உங்க அப்பா வந்து வாசல்ல நின்னாரு. "என்ன குயென், உன் சுவரு நடந்து வந்திருக்கே"ன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

தோவான்: அப்பா இதை என்கிட்டச் சொல்லவே இல்லையே! செங்கல்கூட மீத்தோவுலேருந்து படகுல வந்துச்சுன்னுதான்...

குயென்: எந்தப் படகும் வரல தம்பி. அவரு வாயை அடைக்கிறதுக்காக, மிச்சம் இருந்த செங்கல் இருநூத்தையும் நானே கூடையில சுமந்து கொண்டுவந்து உங்க பின்கட்டுல அடுக்கினேன். உன் சுவர்ல பாதி என் செங்கல்.